அமெரிக்கா ரபேலின் காற்றுக் குகை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் அந்தக் காலத்தில் மூன்று ரபேல்கள் இருந்தார்கள். ஒருவர் தண்டவாளக் கங்காணி. ஒருவர் கோயிலில் மணி அடிப்பவர். மூன்றாவது ஆள்தான் அமெரிக்கா ரபேல். முதல் இருவரையும் இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. மூன்றாமவர் பெயரைச் சொன்னால் கிள்ளான் வரைக்கும் நான்கு பேராவது "அட, அவரா" என்பார்கள். பேர் எடுப்பது என்றால் அப்படி எடுக்க வேண்டும்.

அவர் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அதற்குப் பிறகு மேற்கே கிள்ளான், வடக்கே ரவாங், இவ்வளவுதான் அவர் கால் பட்ட உலகம். ஆனால் அவர் அமெரிக்காவைப் பற்றி வாயைத் திறந்துவிட்டால், அமெரிக்காக்காரனே ஓரமாக நின்று கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டியதுதான்.

வந்த புதிதில் அவருக்கு மிஷன் பள்ளிக்கூடத்து அமெரிக்க அம்மா ஒருத்தியின் பங்களாவில் சமையல் வேலை கிடைத்தது. ஹாப்கின்ஸ் மிஸ்ஸி என்று பெயர். அமெரிக்காவில் பல மாநிலங்கள் உண்டு, அதில் சவுத் டக்கோட்டா என்கிற மாநிலம் அவளுக்கு. அந்த மாநிலத்தின் பெயரை அங்கேயே பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சாயங்காலமானால் வராந்தாவில் உட்கார்ந்து, மரக் கைப்பிடி போட்ட ஒரு கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொள்வாள். கண்ணாடிக்கு முன்னால் ஓர் அட்டை. அட்டையில் ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக இருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, மலை மலையாகவே எழுந்து நிற்கும், பள்ளம் பள்ளமாகவே இறங்கும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். அவளுடைய அப்பா ஊரிலிருந்து அனுப்பிவைத்த படங்கள் அவை.

அப்பா செத்துப்போன செய்தி வந்ததும் மிஸ்ஸி ஊருக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது கண்ணாடியையும் அட்டைப் பெட்டியையும் ரபேலிடம் கொடுத்தாள். "எனக்கு இனிமேல் இது வேண்டாம், நேரிலேயே பார்க்கப்போகிறேன்" என்றாளாம். வேறு சமையல்காரனாக இருந்தால் அதை விற்றுத் தின்றிருப்பான். நம் ஆள் அப்படிச் செய்யவில்லை. வாரமெல்லாம் ரயில்வே கிராணிமார், அதாவது குமாஸ்தாக்கள், சாப்பிடும் மெஸ்ஸில் சமைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். திருவிழாக்கள், தோட்டத்து லயங்கள், கிள்ளான் சந்தை என்று போகாத இடமில்லை. ஒரு காசு கொடுத்தால் ஒரு படம்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. நயாகரா அருவிய எவன் வேணாலும் காட்டுவான். நியூயார்க்கு மாடி வீடு பிஸ்கோத்து டின்னு மூடியிலயே இருக்கு. நான் காட்டுறது அமெரிக்காக்காரனே பாக்காத அமெரிக்கா."

கெட்ட பூமி என்று ஒரு படம். வரி வரியாய் அரித்துப்போன மண் குன்றுகள், ஒரு புல் கிடையாது. "இங்க ரப்பர் மொளைக்காது, அதான் வெள்ளைக்காரன் சும்மா விட்டு வெச்சிருக்கான்" என்பார். தோட்டத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வானத்தைக் குத்துகிற கல் ஊசிகள் ஒரு படம். புல்லும் மண்ணுமாய் வெட்டி அடுக்கிக் கட்டின வீட்டின் முன்னால் ஒரு வெள்ளைக்காரி நிற்பது ஒரு படம். அதைப் பார்த்துவிட்டுப் பெண்கள், "அடியே, இதுக்கு நம்ம லயமே தேவலடி" என்று ஒருத்தியை ஒருத்தி இடிப்பார்கள்.

கடைசிப் படம்தான் காற்றுக் குகை. ஒரு சின்னப் பொந்து, பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவன். அந்தக் கதையை மிஸ்ஸி சொல்லியிருந்தாள். அண்ணன் தம்பி இருவர் காட்டில் போகும்போது விசில் சத்தம் கேட்டது. தேடிப் பார்த்தால் தரையில் ஒரு பொந்து. குனிந்தவனுடைய தொப்பியைக் காற்று மேலே தூக்கி எறிந்தது. இன்னொரு நாள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து தொப்பியைப் பிடித்துக் காட்டினால், காற்று அதை உள்ளே இழுத்துக்கொண்டது. பூமி மூச்சு விடுகிறது, மூச்சு வாங்குகிறது. மிஸ்ஸி சொன்னது இவ்வளவுதான்.

மீதியைச் சேர்த்தது ரபேல். கிள்ளான் தோட்டம் ஒன்றில் கூட்டம் கலையப் பார்த்தது. ஓர் ஓரத்தில் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். ரபேலுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது: "இந்தக் காத்து முன்னாடி உக்காந்தா இழுப்பு நோவு ஓடிப்போயிடும். பெரிய பெரிய துரைமாரெல்லாம் கப்பல்ல வந்து உக்காந்து எந்திரிச்சுப் போறாங்க. நானே கண்ணால பாத்தேன்." போன கூட்டம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அதுதான் கடைசி வசனம். நாள் போகப் போக, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை மிஸ்ஸியோடு கப்பலில் அமெரிக்காவுக்கே போய்வந்தவராகிவிட்டார்.

லயத்தில் யாரும் அதை நம்பவில்லை. ஒரே ஓர் ஆளைத் தவிர. அவருடைய பெண்சாதி பாக்கியம்.

அடுத்த வீட்டு வீரம்மா சீண்டுவாள். "உம் புருசன் அமெரிக்கா பாத்தவருன்னா, நான் விக்டோரியா மகாராணி."

"மகாராணி குழாயடில வரிசையில நிக்குறீங்களே, பாவம்" என்பாள் பாக்கியம்.

பாக்கியத்துக்கு இழுப்பு. பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைப் புகை ஒரு பக்கம், ரயில் கரிப்புகை ஒரு பக்கம். வந்த மறுவருடமே நெஞ்சு பிடித்துக்கொண்டது. ஆடாதோடை, துளசி, தூதுவளை எல்லாம் பார்த்தாயிற்று. நோவு கூடினால் முழங்காலில் கையை ஊன்றி முன்னால் குனிந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கும். பேசினால் ஒரு வார்த்தை, ஒரு மூச்சு, ஒரு வார்த்தை.

மாதா திருவிழா ஒன்றில் அவளும் கூட்டத்தோடு நின்று அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டாள். வீட்டுக்கு வந்து அட்டையை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துக் கொடுப்பாள், சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வாள்.

"ஏங்க. நாம ஒருக்கா அங்க போயிட்டு வரலாமா?"

"போகலாம் புள்ள. அடுத்த வருசம்."

அடுத்த வருடம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. "அது நான் கட்டிவிட்ட கதை" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. உலகத்தில் அவரை நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான். அதையும் இழந்துவிட்டால் ரபேலுக்கு என்ன மிச்சம்?

ஆனால் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு பொந்து இங்கேயே இருந்தது. மிஸ்ஸி இருந்த காலத்தில் ஒரு நாள் சாப்பாட்டுக் கூடையோடு ரபேலையும் கூட்டிக்கொண்டு ரவாங் பக்கம் சுண்ணாம்புக்கல் மலை பார்க்கப் போனாள். மலையடியில், கொடிக்குப் பின்னால், ஒரு பொந்து. அதிலிருந்து குளுகுளுவென்று காற்று. மிஸ்ஸியின் தொப்பி வலை மேலே பறந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, "எங்கள் ஊர் போலவே" என்று அழுதாள். காற்றுக் குகைக் கதையை அவள் சொன்னதே அன்றைக்குத்தான். ரபேல் அந்த இடத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. பத்துமலைக் குகைக் கோயில் என்றாலாவது சனம் போகும். ரவாங் புதரில் இருக்கிற ஒரு பொந்தைச் சொல்லி யார் வாயைப் பிளக்க வைப்பது? நோவைத் தீர்க்கும் என்பதோ அவரே கட்டிய பொய். கட்டினவனே அதை நம்புவானா?

ஒரு வருடம் மழை பொய்த்துப்போனது. காடு கொளுத்திய புகை ஊரை மூடிற்று. பாக்கியம் பாயோடு பாயானாள். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் மருந்து கொடுத்தார், பிறகு கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். பாக்கியம் "போகலாமா" என்று கேட்பதை நிறுத்தினாள். அவள் கேட்டபோதெல்லாம் வராத பயம், கேட்காதபோது ரபேலுக்கு வந்தது.

"பாக்கியம், எந்திரி. ஒரு எடத்துக்குப் போறோம்."

"அமெரிக்காவா?"

"அவ்ளோ தூரம் இல்ல. ஆனா அதே காத்துதான். பூமிக்குள்ள எல்லாக் காத்தும் ஒண்ணு."

அவள் கல்யாணச் சேலையை எடுத்து உடுத்தினாள். கையில் அட்டை. ரவாங் வரைக்கும் ரயில். அங்கே கன்னையா என்கிறவருடைய மாட்டுவண்டி. வழியெல்லாம் அவள் மூச்சு, வண்டிச் சக்கரத்தின் கிறீச்சுக்கு மேலே கேட்டது. கன்னையா திரும்பிப் பார்த்து, "ஆஸ்பத்திரி பின்னால இருக்குண்ணே, நீங்க முன்னால போறீங்க" என்றார்.

"நீ ஓட்டு" என்றார் ரபேல்.

மலையடியில் இறங்கி, அவளைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய்ப் பொந்துக்கு முன்னால் உட்காரவைத்தார். கொடியை விலக்கினார். காற்று வந்தது. ஈரக்கல் வாசனை. அவளுடைய நெற்றி முடி மேலே எழுந்து ஆடிற்று. அவர் பக்கத்தில் நின்றார், வெறும் கையோடு. ஒன்றும் நடக்காது என்றுதான் அவர் எண்ணியிருந்தார். சாகப்போகிறவளுக்கு ஓர் ஆசையை முடித்துவைக்கிறோம், அவ்வளவுதான் என்று.

கொஞ்ச நேரம் போயிற்று. முதலில் அந்தக் கீச்சுச் சத்தம் குறைந்தது. பிறகு தோள் இறங்கிற்று. ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம். உதட்டில் நீலம் போய் நிறம் வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு, நடுவில் மூச்சுக்கு நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

"இந்த எடம் உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்ங்க?"

ரபேலுக்கு எந்த ஊரில் எந்தக் கூட்டத்தில் என்ன கேட்டாலும் பதில் உண்டு. அன்றைக்குக் கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மிஸ்ஸி இருந்தப்ப."

"நம்ம கல்யாணத்துக்கு அப்புறமா, முன்னாடியா?"

"அப்புறம்."

"எனக்கு நோவு வந்துருச்சா அப்ப?"

"வந்துருச்சு."

அவள் பொந்தைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். "இவ்ளோ பக்கத்துல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அவள் முன்னால் அவருக்கு இரண்டே வழி. அமெரிக்கா பொய், துரைமார் பொய், இந்தக் காற்றுக்குக் குணம் உண்டு என்று எனக்கே தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அவள் இத்தனை வருடம் நம்பின புருசன் அங்கேயே செத்துப்போவான். சொல்லாவிட்டால், மருந்து கையருகே இருந்தும் கொண்டுவராத புருசனாக நிற்க வேண்டும். ரபேல் குனிந்து, விலக்கின கொடியைப் பழையபடி இழுத்துவிட்டார். வண்டிக்காரர் கூப்பிட்டார், "அண்ணே, ரயிலு போயிடும்."

திரும்பும்போது கோலாலம்பூர் ஸ்டேஷன் நெருங்க நெருங்கக் கரிப்புகை உள்ளே வந்தது. தோள் மறுபடி ஏறத் தொடங்கிற்று. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு வார்த்தை ஒரு மூச்சாகச் சொன்னாள். "அங்கயே. ஒரு குடிசை. போட்டிருக்கலாம். ரவாங்ல. சமைக்க. ஆளு வேணாமா?"

மறுநாளே அவர் மெஸ்ஸில் சொல்லிக்கொண்டு ரவாங்குக்கு ஓடினார். கன்னையா வீட்டுப் பின்புறம் ஓர் அறை பேசி முடித்தார். பாக்கியம் இரண்டு சேலையும் ஒரு சட்டியும் மூட்டை கட்டி வாசலருகே வைத்துக்கொண்டாள். மூட்டை அங்கேயே இருந்தது. புறப்படவேண்டிய நாளுக்கு முதல் நாள் அவள் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தவள் நிமிரவில்லை.

அவளைச் சவப்பெட்டியில் வைக்கும்போது வீரம்மாதான் தலையணைக்கடியில் அட்டையைக் கண்டெடுத்தாள். "இத என்னண்ணே செய்ய?" என்றாள்.

"அவளுது" என்றார் ரபேல். ஜெபமாலையோடு அதுவும் போயிற்று.

வெகு நாளைக்கு அவர் படப்பெட்டியைத் தொடவில்லை. பிறகு தொட்டார். மனிதன் வேறு என்ன செய்வான்? கிள்ளான் திருவிழாவில் பழைய இடத்தில் நின்றார். கெட்ட பூமி காட்டினார், ஊசிக்கல் காட்டினார், மண்வீட்டு வெள்ளைக்காரியைக் காட்டினார்.

"காத்துக் குகை எங்கண்ணே?" என்றான் அய்யாவு, வருடா வருடம் வருகிற துறைமுகக் கூலி.

"அது இல்ல."

கூட்டத்தில் பண்டமாரான் பக்கமிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். இளவயசு. பேசுமுன் ஒரு மூச்சு எடுத்தாள். "படம். வேணாம். அந்தக் காத்து. எங்கண்ணே. இருக்கு?"

ரபேல் அவளுடைய தோளைப் பார்த்தார். பல வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் நின்று ஓர் உண்மையைச் சொன்னார். "ரவாங்ல இருக்கு, தங்கச்சி. மலையடியில. ரயில்ல போயி மாட்டுவண்டி புடிச்சா மத்தியானத்துக்குள்ள சேந்துடலாம்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "போச்சு, அமெரிக்கா ரபேலு ரவாங் ரபேலு ஆயிட்டாரு லா" என்றான் அய்யாவு. "அடுத்த வருசம் நம்ம லயத்துக் கெணத்தடிக்கே கொண்டாந்துருவாரு."

"நெசமாத்தான் சொல்றேன். கன்னையான்னு ஒரு வண்டிக்காரரு, அவர்கிட்ட என் பேரச் சொன்னா கொண்டுபோயி விடுவாரு."

அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "போங்கண்ணே. வெளையாடாதீங்க. அந்த அமெரிக்கா. கதையையே. சொல்லுங்க. கேக்க. நல்லாருக்கும்."

அவர் இன்னொரு தரம் சொல்லிப்பார்த்தார். யாரும் கேட்கவில்லை. காசை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ரபேல் வெறும் கண்ணாடியைக் கையில் எடுத்தார். சவுத் டக்கோட்டா என்று ஒரு மாநிலம், அண்ணன் தம்பி இரண்டு பேர், காட்டுக்குள் ஒரு விசில் சத்தம் என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக் கேட்டாள். அவர் கதை சொல்லி முடிக்கும் மட்டும் அவளுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.