முனியாண்டி கொடுத்த சிவப்புப் பூ

காளியப்பனை மலையூரான ரிங்லெட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவன் வாசலில் நின்றால் எவருக்கும் முகம் மலராது. மாவட்ட மன்றத்தின் அமலாக்கப் பிரிவில் வேலை. அனுமதி இல்லாமல் எழும்பிய கட்டடத்தில் நோட்டீஸ் ஒட்டுபவன் அவன்தான். ‘நோட்டீஸ் காளி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. மலை மழைக்கு டேப் நிற்காது என்று மைதாப் பசை காய்ச்சி வாளியில் எடுத்துப் போவான். காளி ஒட்டின காகிதம் கட்டடத்தைவிட உறுதி என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள். கேலி என்ன கேலி, அதுதானே உண்மை? முதல் நோட்டீஸ், இரண்டாம் நோட்டீஸ், இடிக்கத் தேதி, அதற்கு முந்தின நாள் எங்கிருந்தோ ஒரு போன், தேதி தள்ளிவைப்பு. அவன் ஒட்டினது ஏராளம். இடிந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன். அப்பா மருந்தடித்தார், அம்மா கொழுந்து பறித்தாள். இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அக்கா ரஞ்சிதம். அவன் வேலை கிடைத்து டவுனுக்குப் போனான். லயத்து மற்றக் குடும்பங்களும் புது வீடுகளுக்குப் போய்விட்டன. அக்கா மட்டும் கடைசி வீட்டைவிட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஓடை. அதன் சத்தம் இல்லாமல் தனக்குத் தூக்கம் வராது என்பாள்.

அந்த ஓடையின் தலையில்தான் பக்கிரிசாமி கைவைத்தான். காளியப்பனோடு அதே லயத்தில் கோலி ஆடியவன், இப்போது லாரி முதலாளி. மேட்டில் காய்கறி போட மட்டுமே அவனுக்கு லைசென்ஸ். அவனோ சரிவை வெட்டி, வெட்டின மண்ணையெல்லாம் ஓடைப் பள்ளத்தில் தள்ளி, அதன்மேல் முட்டைக்கோஸ் அடுக்க ஒரு ஸ்டோர் கட்டிவிட்டான். தண்ணீர் போக அடியில் ஒரு குழாய். அதன் வாய் ஒரு சோற்றுப்பானை அகலம்கூட இல்லை. நோட்டீஸ் ஒட்ட வந்த காளியப்பன் அதைக் குனிந்து பார்த்தான்.

“இந்த மண்ணு நிக்காதுடா பக்கிரி. கீழ அக்கா இருக்கு.”

“ஒனக்கு மட்டுந்தான் அக்காவா? எனக்கும் சோறு போட்ட கைதான்டா. ஒட்டிட்டு, டீ குடிச்சிட்டுப் போ லா.”

நோட்டீஸ்கள் காய்ந்தன. இடிக்கும் தேதியும் வந்தது, அதிசயமாகப் போன் எதுவும் வரவில்லை. மண் வாரும் பெக்கோவோடு ஆட்கள் மேடேறினார்கள். ஸ்டோருக்கு முன்னால் ஒரு கல், மஞ்சள் துணி, சூலம், எலுமிச்சம்பழம். முனியாண்டி சாமி பக்கிரிசாமியின் கனவில் வந்து இடம் கேட்டாராம். பெக்கோக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினான். குவாந்தானிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி தினேஸ்வரன் காளியப்பனைத் தனியே அழைத்தார்.

“அண்ணே, கோயில் மேல கை வச்சா நாளைக்குப் படம் ஊரெல்லாம் சுத்தும். நீங்க இந்த ஊர்க்காரரு. நீங்களே பேசி முடிங்க.”

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பெரிய அதிகாரிகள் சுமக்காததை நோட்டீஸ் ஒட்டுகிறவன் சுமக்க வேண்டும். அவனுக்கு மட்டும் என்ன, சூலத்தைப் பிடுங்கக் கை வருமா? முனியாண்டிக்குப் பயந்தே வளர்ந்தவன். பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று அவன்தான் சொன்னான். இலையில் மடித்த இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சாமி நகரச் சம்மதம், மறுநாளே பெக்கோ. சிவப்பு வந்தால் மழைக்காலம் முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தினேஸ்வரனுக்குத் தலைவலி தீர்ந்த மாதிரி இருந்தது. சரி என்றார்.

பக்கிரிசாமி தன் வீட்டு ரோஜா இதழ்களைத் தானே மடித்துக் கொண்டுவந்தான். மடிக்கும்போது நான் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் காளியப்பன். சாமி காரியத்தில் சந்தேகம் பாவம் என்று வாயை மூடிக்கொண்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? கள்ளம் இல்லாத கை வேண்டும் என்று ரஞ்சிதத்தையே எடுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடி எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

“சாமிக்கு இந்த எடம் புடிச்சிருச்சு தம்பி. விட்டுரு,” என்றாள்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பது லயத்து வழக்கம். காளியப்பன் அதை எடுத்துக்கொண்டு போனான். விடுவதற்கு அங்கே ஓடை ஏது? மண்மேடுதான் இருந்தது. கீழே போய் விடலாம் என்று மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டான், பிறகு மறந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்த ஒரு மத்தியானம், மழைக்கோட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தான். இலை காய்ந்து வெடித்திருந்தது. கோட்டின் மேல் சிந்திக் கிடந்த இதழ்கள் அத்தனையும் சிவப்பு.

உடனே தினேஸ்வரனுக்குப் போன் செய்தான். “அறிக்கை எழுதி வைங்க அண்ணே, திங்கக்கிழமை பாத்துக்கலாம்,” என்றார் அவர். காளியப்பன் வண்டியைக் கிளப்பினான். வழியெல்லாம் பக்கிரிசாமியை வைதான், தன்னையும் வைதான்.

ரஞ்சிதம் அடுப்பில் உலை வைத்திருந்தாள்.

“அக்கா, கெளம்பு. இங்க இருக்க வேணாம்.” கையை விரித்து இதழ்களைக் காட்டினான். “மத்தப் பொட்டலத்துல இருந்தது. அதுவும் செவப்புக்கா. பக்கிரி ஏமாத்திட்டான்.”

அவள் இதழ்களை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ரெண்டுமே செவப்பா? பாத்தியா, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்லியிருக்காரு. நீதான் நம்பல.”

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தான், உதறினாள்.

“ஒக்காரு, காப்பி போடுறேன். ஒன் பயத்துக்குத்தான் ஓடைகூட அடங்கிப்போச்சு. காலையில அந்த எரைச்சல் எரைஞ்சிச்சு, இப்பப் பாரு, சத்தமே இல்ல.”

காளியப்பன் பின்கதவைத் திறந்தான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓடையில் தண்ணீர் இல்லை. கல்லும் சேறும்தான் கிடந்தன. குழாய் அடைத்து, இத்தனை மழைத் தண்ணீரும் மேலே பக்கிரி தள்ளின மண்ணுக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

அக்காவை அப்படியே தோளில் தூக்கினான். முன்வாசலைத் தாண்டும்போது மேட்டில் மரம் முறிகிற சத்தம் கேட்டது.

“அடுப்ப அணைக்கலடா,” என்று அவள் அவன் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள்.