அவன் தட்டவே இல்லை

எங்கள் அம்புலன்ஸ் சேவையில் சம்பளம் வாங்குகிறவர் சாரதி ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லாம் தொண்டர்கள். நான் ஓர்ஸ் ஹில்லில் கந்தோர் வேலை முடித்துவிட்டு என் முறைக்கு வண்டியில் ஏறுவேன். வசதியுள்ளவர்கள் தருகிற வாடகையில் டீசலும் சாரதியின் சம்பளமும் ஓடும். இல்லாதவர்களிடம் நாங்கள் கேட்பதில்லை.

சொந்தக்காரர் எப்போதும் முன் சீற்றில்தான் இருக்க வேண்டும். பின்னால் நோயாளியோடு தொண்டர் இருப்பார். வழியில் மூச்சு நின்று உயிர் போய்விட்டால் வாய் திறந்து சொல்ல மாட்டோம். ஒருமுறை சொல்லப்போய், ஒரு மகன் ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. மூச்சு நின்றால், சாரதிக்குப் பின்னாலுள்ள தகரத் தடுப்பில் ஒரு தட்டு. அவர் வேகத்தைக் குறைப்பார். போன உயிருக்காக ரோட்டில் இன்னொரு உயிரை எடுக்கலாமா? சொந்தக்காரருக்கு ஒன்றும் விளங்காது. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

போன வருடம் ஒரு பின்னேரம், சாம்பல்தீவில் எங்கள் வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த என் கணவர் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். வண்டி கெதியாக வந்தது. வந்த தொண்டன் என்னோடு வருடக்கணக்காக முறை செய்தவன். அக்கா, அக்கா என்று வளைய வருகிறவன். நான் பின்னால் ஏறப் போனேன். மறித்துவிட்டான்.

"முன்னுக்கு இருங்கோ அக்கா. இண்டைக்கு நீங்கள் சொந்தக்காரர்."

"சரி. ஆனா ஏதும் எண்டா வண்டிய நிப்பாட்டி என்னைப் பின்னுக்கு ஏத்து. கடைசி மூச்சில நான் அந்தாளுக்குப் பக்கத்தில இருக்கோணும். ஒளிக்காதை."

"உங்களுக்கு ஒளிப்பனே அக்கா?"

முன் சீற்றில் இருந்தபடி அந்தத் தட்டுக்காக மட்டுமே காது கொடுத்துக்கொண்டிருந்தேன். உப்புவெளி தாண்டியும் தட்டு விழவில்லை. சாரதி வேகம் குறைக்காமல் அமத்தி ஓடினார். வேகம் குறையாதவரை மனுசன் இருக்கிறார் என்று எனக்கு நிச்சயம். அந்தத் தைரியத்தில் கந்தளாயில் இருக்கும் மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் குழறினாள்.

"அழாதை பிள்ளை. அப்பாவுக்கு உயிர் இருக்கு, எனக்குத் தெரியும். நீ பதறாம வெளிக்கிட்டு வா."

ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, வழியிலேயே முடிந்துவிட்டது, கொஞ்ச நேரமும் ஆகிவிட்டது என்றார். நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"எவடத்தில?"

"உப்புவெளிக்கு முன்னமே, சல்லி ஊர் தாண்ட முதல், அக்கா."

"அப்ப ஏன் தட்டேல்ல?"

"தட்டினா உங்களுக்கு விளங்கிடுமே. அதுதான் நீங்கள் ஏற முதலே றைவர் அண்ணையிட்டச் சொல்லி வச்சனான், இண்டைக்குத் தட்டமாட்டன், என்ன நடந்தாலும் குறைக்காம ஓடுங்கோ எண்டு. உங்கட நன்மைக்குத்தான் அக்கா."

என் நன்மையாம். எனக்குத் தெரிந்ததை வைத்தே இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள். கூட இருந்து குழி பறிப்பது என்று சனம் சொல்லுமே, அது இதுதான். நடுவில் இருந்தது ஒரு தகரம். சொல்லியிருந்தால் அந்தக் கை சூடாக இருக்கும்போதே பிடித்திருப்பேன். அவன் முகத்தில் விழிக்க எனக்கு இன்றைக்கும் மனமில்லை.

மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். தனியாக வருகிற பிள்ளையிடம் போனில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகப்பனுக்கென்று கஞ்சியும், தோய்த்து மடித்த ஒரு சாரமும் கொண்டு வந்தாள். எந்த வாட்டு என்று கேட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னேன், அந்தத் தட்டையும் சேர்த்து. கஞ்சிப் போத்தலை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"நீங்களும் அவையளில ஒராள்தானே அம்மா. உங்களுக்குத் தெரியாமலே இருந்தது? சொந்தக்காரருக்கு ஒளிக்கிற மாதிரித்தானே எனக்கும் உயிர் இருக்கு எண்டு சொன்னனீங்கள்."

அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அவள் இன்னும் நம்பவில்லை.