இடுப்பில் கட்டிய பொன்னாடை

அந்தப் பொன்னாடை ஊதா நிறம். கரையில் மினுங்குகிற சரிகை, தொட்டால் விரலில் பொடி ஒட்டுகிற வகை. சிட்னிக்குப் போன யாரிடமோ சொல்லிப் பென்டில் ஹில் கடையில் மொத்தமாக வாங்குவித்து, எங்கள் ஊர்ச் சங்கத்தின் அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தவற்றில் ஒன்று. எங்கள் விழாக்களுக்குப் போய்ப் பழகாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொன்னாடை மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதோ பாடிக்கொண்டிருக்கும்போதோ தலைவர் பொன்னாடையும் கையுமாகப் பக்கத்தில் வந்து நின்றால் அதன் பொருள் வேறு. "போதும், இறங்குங்கோ" என்று வாயால் சொல்ல வெட்கப்பட்டு அதைத் துணியால் சொல்கிறோம். போர்த்தியவுடன் ஆள் கும்பிட்டுச் சிரித்து, மிச்சத்தை விழுங்கிக்கொண்டு இறங்கிவிடும். பெரிய பெரிய பேச்சாளர்கள் எல்லாம் அப்படி விழுங்கி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். இறங்காத ஒருவரை மட்டும் எனக்குத் தெரியும். அவர் பிரேசில்காரி.

நான் 2009இல் இலங்கையிலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து, அக்கா வீட்டில் நோபல் பார்க்கில் தங்கி, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் துவைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் நான் கணக்குப் படிப்பித்தவள். இங்கே அந்தப் பட்டத்தை யாரும் கேட்கவில்லை, கைகால் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். சுடச்சுட உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் வெளிவரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, ஒரே நேரத்தில் உதறி மடிக்க வேண்டும். ஒருத்தி பிந்தினால் மற்றவளின் தோள் இழுபடும். அதனால் சோடி பொருந்துவது கலியாணப் பொருத்தத்தைவிட முக்கியம். எனக்கு வாய்த்த சோடி ஐம்பதைத் தாண்டிய, அகலமான தோள்களும் வெட்டிய நரைமுடியும் கொண்ட ஒரு பெண். எங்கள் ஆட்கள் அவரைப் பாட்டுக்கார அக்கா என்றார்கள். அவர் என்னை மானா என்று கூப்பிட்டார். அவருடைய மொழியில் அது தங்கச்சி.

பாட்டுக்கார அக்கா என்ற பெயர் சும்மா வந்ததில்லை. இயந்திரங்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்காது. எல்லோரும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு வேலை செய்வோம். அவர் ஒரு காதை மட்டும் அடைப்பார். அடைக்காத காதால் தன் குரலைக் கேட்டபடி, இயந்திரத்தின் முனகலையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து பாடுவார். மேற்பார்வையாளர் வந்து கையைக் காட்டுவார். "வேலை நிக்குதா?" என்று அக்கா திருப்பிக் கேட்பார். வேலை நிற்கவில்லை. அவர் போய்விடுவார்.

தேநீர் நேரத்தில்தான் அவருடைய கதை, அரைகுறை ஆங்கிலத்தில், துண்டு துண்டாக வந்தது. குசினியில் நாங்கள் "கதிரையை இழு", "யன்னலைத் திற" என்று சொல்வதைக் கேட்டு முதல் வாரமே துள்ளி எழும்பியவர் அவர். "அது எங்கள் சொல்" என்றார். "முந்திக் களவெடுத்தது, இனித் திருப்பித் தரமாட்டம்" என்றேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எங்கள் இரண்டு கரைகளிலும் ஒரே போர்த்துக்கேயக் கூட்டம்தான் கப்பலில் வந்து இறங்கியது என்ற கணக்கில் அன்றைக்கே நாங்கள் உறவாகிவிட்டோம்.

பிரேசிலின் வடகிழக்கில் ஒரு துறைமுகப் பட்டணம் அவருடையது. பதினைந்து வயதில், கடைகளின் மலிவு விற்பனையை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போகும் வான் வண்டியில் ஏறி, அறிவிப்புகளுக்கு நடுவே பாடத் தொடங்கினார். பிறகு வானொலி. பிறகு இசைத்தட்டுக் கம்பனி. திருவிழாக் காலத்தில் வீடளவு லொறியின் மேல் நின்று அவர் பாட, சனம் லொறிக்குப் பின்னால் தெருத்தெருவாக ஆடிக்கொண்டு வருமாம். மீன் சந்தையிலும் பஸ்சிலும் அவருடைய குரல்தான். அவரைத் தூக்கி நிறுத்தியது ஒரு பாட்டு. அவருடைய அம்மாவை ஒருநாள் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் வெளியே போகச் சொல்லிக் கட்டிலைத் தூக்கித் தெருவில் போட்டிருக்கிறான். அம்மா அழவில்லை. நடுத்தெருவிலேயே கட்டிலில் விரிப்பை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டு, நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். போன வண்டிகள் எல்லாம் நின்றன. வீட்டுக்காரன் வந்து கெஞ்சினான். அதைத்தான் அக்கா பாட்டாகக் கட்டினார், சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது.

நாற்பதை நெருங்கும்போது கம்பனி அவரை ஒரு பெரிய விழாவுக்குக் கூப்பிட்டது. பாட்டின் நடுவே மேடைக்கு வந்து பெரிய பூச்செண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். சனம் கைதட்டியது. அக்கா பூவை வாங்கிக்கொண்டு இறங்கினார். அடுத்த நிமிடம் மெலிந்த இளம்பெண் ஒருத்தி ஏறி அதே கட்டில் பாட்டைப் பாடினாள். கம்பனிக்கு அக்காவின் வயதும் பிடிக்கவில்லை, உடம்பும் பிடிக்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். பதினெட்டு வயதில் வாசிக்காமல் போட்ட கையெழுத்து அவரைத் தோற்கடித்தது. அந்தப் பாட்டை அவர் இனி மேடையில் பாடக் கூடாது என்று தீர்ப்பு. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதைப் போன்ற தீர்ப்பு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெல்பேர்ணில் இருந்த தங்கையிடம் வந்து சேர்ந்தார். கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

நகரத்தில் பிரேசில் சாப்பாட்டுக்கடை நடத்திய ஒருவர் அவரை அடையாளம் கண்டு, வெள்ளிக்கிழமைகளில் வந்து பாடச் சொன்னார். தலையில் இறகு முடி வைத்து, எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைப் பாட வேண்டுமாம். "இறகு கோழிக்கு. எனக்குத் தொண்டை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் காசு அவருக்குத் தேவைதான். ஆனால் அவருக்கு வேண்டியது வேறொன்று என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டில் பாட்டை இன்னொரு தரம், மனிதர்களுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். இயந்திரத்துக்கு முன்னால் அவர் அதைத் தினமும் பாடினார். இயந்திரம் கைதட்டாது.

2013 தொடக்கத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கலைவிழா வந்தது. என் கூடப்பிறந்த அக்காவின் கணவர், அத்தான்தான் தலைவர். நல்ல மனிதர், ஆனால் மணிக்கூட்டைப் பார்த்தே பிறந்தவர். சிட்னியிலிருந்து வரவேண்டிய பாடகருக்குக் காய்ச்சல் என்று கடைசி வாரத்தில் அவர் தலையில் கைவைத்தபோது நான் பாட்டுக்கார அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

"வெள்ளைக்காரியோ?" என்றார் அத்தான்.

"என்னைவிடக் கறுப்பு."

"எங்கட சனத்துக்கு விளங்குமே?"

"போன வருசம் பிரதம விருந்தினர் பேசினது விளங்கினதே?"

அத்தான் மூன்று பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். தாளத்துக்கு எங்கள் தொழிற்சாலையிலேயே ஒருவர் இருந்தார். முந்திய வருடம் படகில் வந்து, தற்காலிக விசாவில் ஈரத்துணி தள்ளிக்கொண்டிருந்தவர். ஊரில் கோயில் பஜனைக்கு டோலக் வாசித்தவர் என்பதால் டோலக் அண்ணை என்போம். சாப்பாட்டு இடைவேளையில் துணி வண்டியின் பிளாஸ்டிக் பக்கத்தில் தட்டித் தட்டி அவர் அந்தத் தாளத்தைப் பிடித்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது, அக்காவுக்குத் தமிழ் வராது. அக்காவுக்குத் தெரிந்தது ஒரேயொரு தமிழ் வசனம். வேலை முடிகிற நேரம் பார்த்து மேற்பார்வையாளர் இன்னொரு வண்டித் துணியைத் தள்ளிக்கொண்டு வருவார். "இன்னும் ஒண்டு இருக்கு" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். அதைக் கேட்டுக் கேட்டு அவரும் சொல்லப் பழகியிருந்தார்.

விழா வழக்கம்போலவே பிந்தித் தொடங்கியது. விளக்கேற்றல், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. பிரதம விருந்தினர் ஊர்க் குளத்தைப் பற்றித் தொடங்கி உலகப் பொருளாதாரம்வரை போய்வந்தார். அவருக்கு யாரும் பொன்னாடையைத் தூக்கவில்லை, அவர் நன்கொடை கொடுப்பவர். அக்கா மேடையேறும்போது சாப்பாடு வந்து இறங்கிவிட்டது. மண்டபம் முழுக்க ஆட்டிறைச்சிக் கறி வாசம். முதல் பாட்டுக்குப் பாதிச் சனம் இருந்தது. இரண்டாவது பாட்டுக்கு அதிலும் பாதி தட்டு எடுக்கப் போய்விட்டது. அக்கா கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக, இறகும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், ஆயிரம் பேர் முன்னால் நிற்பவர்போலப் பாடினார். மூன்றாவதுதான் அந்தப் பாட்டு. அவர் கண்ணை மூடி மூச்சை எடுத்தார். அப்போது அத்தான் பக்கவாட்டிலிருந்து ஊதாப் பொன்னாடையை விரித்தபடி வந்தார்.

மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்குகிறது என்று அத்தானின் முகமே சொன்னது. தோளில் போர்த்திவிட்டு, "பாடகி அவர்களுக்கு எமது சங்கத்தின் மனமார்ந்த..." என்று ஒலிவாங்கியில் தொடங்கினார். சனமும் பழக்கத்தில் கைதட்டியது. அக்கா, நான் சொல்லிக் கொடுத்தபடி, அழகாகக் கும்பிட்டார். பிறகு தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, ஈரவிரிப்பை உதறுவதைப்போல ஒருமுறை உதறி, மடித்து, இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். அத்தானின் கையிலிருந்த ஒலிவாங்கியின் பக்கம் குனிந்து சொன்னார்:

"இன்னும் ஒண்டு இருக்கு."

அத்தான் ஒலிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்ட, ஒலிவாங்கி செத்தது. பிறகு டோலக் அண்ணையைப் பார்த்து, வாசிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

பாவம் அத்தான், அவர் யாருடைய ஒலிவாங்கியை நிறுத்தினார் என்று அவருக்குத் தெரியாது. நாள் முழுவதும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய குரலுக்கு எங்கள் மண்டபம் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் குரல் மேடையிலிருந்து படியிறங்கி, கதிரைகளுக்கு நடுவே நடந்து, நேராகச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் போய் நின்று பாடியது. கரண்டிகள் நின்றன. வசனம் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் கையை நிலத்தில் விரித்து, தலையணையைத் தட்டி, வீட்டுக்காரனை விரலால் கூப்பிடுகிற இடம் வந்தபோது, போரில் வீடு பறிபோன சனத்துக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையிலிருந்த ஒரு அன்ரி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"தம்பி, மைக்கைப் போடு. சோறு எங்கையும் ஓடிப்போகாது."

எல்லோரும் உருகிவிட்டார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கறி ஆறிப்போனதென்று முணுமுணுத்தவர்களும் உண்டு. பாதியில் காரை எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் அக்கா பாடி முடித்தார். கடைசிச் சொல்வரை பாடி முடித்தார். எனக்கு அது போதும்.

கார் நிறுத்துமிடத்தில் நின்று, பாட்டின் நடுவில் பொன்னாடை போர்த்தினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் முடிச்சைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"தெரியும் மானா. எங்கட ஊரில அதுக்குப் பூச்செண்டு. ஒருமுறை வாங்கிக்கொண்டு இறங்கினனான். இனி இறங்கமாட்டன்."

யாரோ கைத்தொலைபேசியில் எடுத்திருந்தார்கள். அது எப்படியோ அவருடைய பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டைப் பாடியதற்குக் கம்பனியின் வக்கீல் தொலைபேசியில் வெருட்டினார். "வந்து வழக்குப் போடுங்கள், விரிப்பு மடிக்க ஆள் குறைவு" என்று அக்கா சொன்னாராம். ஆனால் அந்தத் தொலைபேசிக்குப் பிறகுதான் அவருக்கு ஊர் நினைப்பு பிடித்தது. அந்த வருட முடிவில் திரும்பிப் போனார். போகும்போது தொழிற்சாலையில் கொடுத்த பரிசுகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, ஊதாப் பொன்னாடையை மட்டும் பெட்டியில் வைத்தார்.

பெரிய லொறி மேடைகள் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கம்பனியும் மனம் மாறவில்லை. மீன் சந்தைச் சதுக்கத்திலும் சின்னச் சின்ன விழாக்களிலும் பாடுகிறார். இடைக்கிடை வீடியோ அனுப்புவார். முடி முழுக்க வெள்ளை, சரிகை முழுக்க உதிர்ந்துவிட்டது, இடுப்பில் முடிச்சு மட்டும் அதே இடத்தில். தீர்ப்பு என்னவாக இருந்தாலும், எப்போதும் கட்டில் பாட்டைத்தான் கடைசியாகப் பாடுகிறார்.

போன மாதம் எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டம். பல வருடச் சேவைக்காக என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் மண்டபக் குசினியின் ஒழுகும் குழாயைப் பற்றிச் சொன்னேன், தலையாட்டினார்கள். அடுத்துப் பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றிச் சொன்னேன், கைதட்டினார்கள். பின்வரிசையில் டோலக் அண்ணை இருந்தார். தாடி நரைத்துவிட்டது, விசா இன்னும் தற்காலிகம்தான். அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் சங்கம் வாய்திறக்க வேண்டும் என்று நான் கேட்கப் போவது அத்தானுக்குத் தெரியும். "அது அரசியல், கதைக்க வேண்டாம்" என்று முதல்நாளே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் மூச்சை எடுத்தபோது பக்கவாட்டிலிருந்து அவர் வந்தார், இந்த முறை பச்சைப் பொன்னாடை.

நான் கும்பிட்டு வாங்கினேன். உதறி மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். ஒலிவாங்கியை எப்படியும் நிறுத்துவார்கள் என்பதால் நானே அதைவிட்டு விலகி, மேடையின் விளிம்புக்கு வந்து நின்றேன்.

"இன்னும் ஒண்டு இருக்கு" என்றேன்.