வாசகர்கள் தேவை

பெருமாநல்லூரிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் எந்தப் பனியன் கம்பெனி கேட்டைப் பார்த்தாலும் ஒரு தகரப் பலகை தொங்கும். டெய்லர் தேவை, செக்கிங் தேவை, துணி மடிக்கக் கைமடி தேவை. கோயிலைப் பார்த்துக் கும்பிடாமல் போகிறவர்கள்கூட அந்தப் பலகைகளைப் படிக்காமல் போக மாட்டார்கள். அமெரிக்காக்காரன் பனியனுக்கு வரியை ஏற்றிய பிறகு அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கேட்டுகள் மட்டும் மிச்சம் நின்றன.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெயசுதா ஆள் தேவை என்று எழுதினாள்.

அந்தச் சாலையின் கடைசியில் இருக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கு அவள்தான் நூலகர். அப்பா சேவூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். முருகன் படம் போட்ட காலண்டரைத் தவிர அவர்கள் வீட்டில் படிக்க ஒன்றும் இருந்ததில்லை. பன்னிரண்டாவது முடித்த கையோடு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வந்தவள், துணியில் ஓட்டையும் கறையும் பார்த்துக்கொண்டே தபாலில் படித்துப் பட்டம் வாங்கினாள். நூலகச் சான்றிதழ் படிப்பும் முடித்தாள். அவள் வம்சத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவள்தான். நூலகக் கதவில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் அவள் பெயரைவிட பி.ஏ. ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். பெயிண்டரிடம் பக்கத்தில் நின்று சொல்லி எழுதி வாங்கியது அது.

வாராவாரம் வாசலில் இருக்கும் கரும்பலகையில் அவள் செய்தி எழுதுவாள். புது நூல்கள் வந்துள்ளன. சனிக்கிழமை குழந்தைகளுக்குக் கதை நேரம். போட்டித் தேர்வு நூல்கள் வீட்டுக்கும் தரப்படும். சாக்பீஸ் தூள் அவள் புடவையில் ஒட்டியதைத் தவிர அந்தச் செய்திகள் யார்மீதும் ஒட்டவில்லை.

நூலக ஆய்வாளர் பெருமாள்சாமி வந்தபோது உள்ளே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, வாடகைக் கட்டடம். ஆளும் வர்றதில்லை. டவுன் கிளையோட சேர்த்துப்போடலாம்னு மேல பேசிக்கறாங்க."

"என்னைய எங்கீங்க சார் சேர்ப்பாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தொகுப்பூதியக்காரிக்கு டவுன் கிளையில் நாற்காலி கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். "வர்ற ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டக் கூட்டம் ஒண்ணு போடுங்க. நானே வர்றேன். ஆள் நெறஞ்சிருந்தா எனக்கும் மேல பேசறதுக்கு வாய் இருக்கும். இல்லீன்னா இந்த மாசத்தோட சரி."

அன்று ராத்திரி அவள் யோசித்துப் பார்த்தாள். மறுபடி செக்கிங் மேசைக்குப் போகலாம் என்றால் மேசையே காலியாகக் கிடக்கிறது. விடிந்ததும், கம்பெனிக்காரர்கள் தூக்கிப்போட்ட அட்டைப்பெட்டிகளை எடுத்துக் கிழித்து, தடித்த பேனாவால் எழுதினாள்:

உடனடியாகத் தேவை. வாசகர்கள். ஆண், பெண் இருபாலரும். முன் அனுபவம் அவசியமில்லை. ஞாயிறு காலை நூலகத்துக்கு நேரில் வரவும்.

அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே வருவார்கள் என்று நினைத்தாள். பஸ் ஸ்டாப்பில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று, சென்னிமலை அண்ணனின் டீக்கடையில் ஒன்று என்று கொண்டுபோய் வைத்தாள்.

சென்னிமலை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, படிக்கறதுக்கும் ஆள் எடுக்கறீங்களா? பி.எப். புடிப்பீங்களா?"

"ஈ.எஸ்.ஐ.யும் உண்டுங்கண்ணா."

"அப்ப எனக்கொரு எடம் போட்டு வையிங்க. டீ ஆத்தறதுக்கு அது தேவலை."

இருவரும் சிரித்தார்கள். அவள் அந்த வாரம் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூட்டைத் திறக்க வரும்போதே வாசலில் கூட்டம். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பெஞ்சை இழுத்துப் போட்டாள். அதுவும் போதாமல் சிலர் புத்தக அலமாரியோரம் ஒட்டி நின்றார்கள். எல்லாரும் துவைத்த சட்டை, படிய வாரிய தலை. யாரும் புத்தகத்தைத் தொடவில்லை.

முதல் பெஞ்சில் இருந்தவர் எழுந்தார். வேல்குமார் என்று பெயர் சொன்னார். "மேடம், ஷிப்டுக் கணக்குங்களா, பீஸ் ரேட்டுங்களா?"

"எதுக்குங்க?"

"வேலைக்குத்தானுங்க. அட்டையில போட்டிருந்துச்சுங்களே, உடனடியாத் தேவைன்னு."

பின்னால் இருந்தவர்களை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். சாப்பாட்டுத் தூக்கு, ஆதார் நகல் வைத்த பிளாஸ்டிக் கவர், கைக்குழந்தை. இந்த நேரத்தில் போன் அடித்தது. பெருமாள்சாமி. நால்ரோடு தாண்டிவிட்டாராம்.

சொல்லிவிடலாம். சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். அவர் வந்து காலி பெஞ்சைப் பார்ப்பார். இந்த மாதத்தோடு சரி.

"பெரிய சார் வர்றாருங்க" என்றாள். "அதுக்குள்ள இதுல கையெழுத்துப் போட்டு வையிங்க."

வருகைப் பதிவேடு கைமாறிக் கைமாறிப் போயிற்று. வேலைக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்று நினைத்து, சிலர் பக்கத்திலேயே தாங்கள் ஓட்டும் தையல் மிஷின் பெயரையும் 'சிங்கர்', 'ஓவர்லாக்' என்று குறித்துக்கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் ஒரு பெரியம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கையில் சொந்தச் சீமாறு.

"என்னுங்கம்மா பண்றீங்க?"

"எம்பேரு மாரக்காளுங்க. வாசக் கூட்டறவங்க தேவைன்னு பக்கத்தூட்டுப் புள்ள படிச்சுச் சொல்லுச்சு. எனக்கு எழுத்துத் தெரியாதுங்க அம்மிணி. வேலை சுத்தமா இருக்கும், பாருங்க."

வாசகர். வாசக் கூட்டறவர்.

பெருமாள்சாமியின் வண்டி வந்து நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, பரவாயில்லீங்களே! இத்தனை பேரா?" நேராக வேல்குமாரிடம் போனார். "நீங்க என்னுங்க படிக்கறீங்க?"

வேல்குமார் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "எட்டாவது வரைக்குமுங்க சார். ஆனா பேட்லாக் மிஷின் நல்லா ஓட்டுவனுங்க. நைட்டும் பார்ப்பனுங்க."

ஆய்வாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்தவரைப் பார்த்தார். அந்த ஆளும் எழுந்து கையைக் கட்டினார். பிறகு எல்லாருமே எழுந்துவிட்டார்கள். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

அதற்கு மேல் ஜெயசுதாவால் தாங்க முடியவில்லை.

"இங்க வேலை இல்லீங்க" என்றாள். "இது லைப்ரரி. புத்தகம் படிக்கறதுக்குத்தான் கூப்பிட்டனுங்க. வந்தப்பவே சொல்லியிருக்கோணும். சொல்லலீங்க."

அலமாரியோரம் நின்ற முனீஸ், தெற்கத்திக்காரன், முன்னால் வந்தான்.

"ஆள் எடுக்காங்கன்னு கேட்டு ஊத்துக்குளில இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேம்க்கா. அங்கன ஒரு கம்பெனிலயும் உள்ள விட மாட்டேங்கான். பசிச்சு வந்தவன்கிட்ட கையெழுத்து வேற வாங்கி வச்சிருக்கீகளே."

அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் போனார்கள். வேல்குமார் மட்டும் வாசலில் திரும்பி, "எங்காச்சும் ஆள் எடுத்தாச் சொல்லுங்க மேடம், என் நம்பரு அந்த நோட்டுலயே இருக்குது" என்றுவிட்டுப் போனார்.

பெருமாள்சாமி பதிவேட்டைப் பார்த்தார். சிங்கர். ஓவர்லாக். பேட்லாக். மூடி மேசைமேல் வைத்தார்.

"பார்த்ததைத்தானேம்மா நான் எழுத முடியும்."

"தெரியுமுங்க சார்."

"சொல்லாம இருந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவர் முடிக்காமல் வண்டியை எடுத்தார்.

வாசல் முழுக்கக் கூட்டியாகிவிட்டது. குப்பை ஒரு மூலையில் குவிந்திருந்தது. மாரக்காள் சீமாற்றைத் தட்டிச் சரிசெய்துகொண்டு நின்றாள். நடந்தது எல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கும்.

"நாளைக்கும் வரட்டுங்களா அம்மிணி?"

"உங்களுக்குக் கூலி குடுக்க வழியில்லீங்கம்மா. இந்த மாசத்தோட எனக்கே இங்க எடமில்லை."

"கூலி கெடக்குது, விடுங்க." மாரக்காள் குரலைத் தாழ்த்தினாள். "வேலை கெடச்சிருச்சுன்னு மருமககிட்டச் சொல்லிப்போட்டு வந்துட்டனுங்க. சும்மா ஊட்டுல உக்காந்து திங்கறேன்னு ஒரே பேச்சு. பகல்ல எங்காச்சும் இருக்கோணும், அவ்வளவுதான்."

ஜெயசுதா கதவில் இருந்த தன் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். அவளும் இன்னும் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

"வாங்க" என்றாள். "ஒம்பது மணிக்குத் தெறப்பனுங்க."

மாரக்காள் சீமாற்றைக் கதவுக்குப் பின்னால், வேலைக்காரர்கள் வைக்கும் இடம் பார்த்துச் சாத்திவிட்டுப் போனாள். ஜெயசுதா பஸ் ஸ்டாப் அட்டையைக் கிழிக்கக் கிளம்பினாள். தூரத்தில் இருந்தே தெரிந்தது. அதன் முன்னால் இரண்டு பேர் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.