தொட்டுக்கொள்ளும் கமர்கட்

கமர்கட்டில் ரஸ்க்கைத் தொட்டுத் தின்பது தமிழர்கள் வழக்கம் என்று போர்ட் பிளேரில் இன்னும் யாராவது நம்பிக்கொண்டிருந்தால், அந்தப் பெருமை என்னைத்தான் சேரும்.

எனக்கு விருதுநகர்ப் பக்கம். பள்ளிக்கூட வாசலில் வாங்கும் கமர்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கினால் கணக்குப் பாடம் முடியும்வரை கரையாது. அறுபதுகளில் கல்யாணமாகி, அந்தமானில் சாத்தம் மரமில்லில் குமாஸ்தாவாக இருந்த கணவரோடு குவார்ட்டர்ஸில் குடியேறினேன். பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலி அம்மாள். எல்லாருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. பூஜை வந்தால் தேங்காய் உருண்டை கொண்டுவருவார். நான் தின்னும்வரை நின்று பார்த்துவிட்டு, பாயசத்தை விட்டால் உங்கள் பக்கம் இனிப்பே கிடையாதா, பாவம் என்பார். அந்தப் 'பாவம்' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊர் மிட்டாய் ஒன்றுக்காகப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே மட்டம் போடும் என்று அரைகுறை இந்தியில் அளந்துவிட்டேன். நல்லவேளை, அது எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னேன். தீதி எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

கப்பலில் வந்த வெல்லத்தில் பாகு வைத்தேன். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று கேட்டது. தேங்காய்த் துருவலைக் கொட்டிக் கிளறி, உருட்டி, தட்டோடு ஜன்னலில் ஆற வைத்தேன். ஊரில் அப்படித்தான் செய்வோம், காற்றுப் பட்டால் கல்லாகிவிடும். எங்கள் ஊர்க் காற்று வேறு, மழைக்காலத்தில் கடலிலிருந்து வரும் காற்று வேறு என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

தூங்கி எழுந்து பார்த்தால் உருண்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகக் கிடந்தது. கணவர் தட்டைச் சாய்த்துப் பார்த்தார்.

“இதுக்கா பிள்ளைக மட்டம் போட்டுச்சு?”

இனிமேல் குழாயடிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் 'பாவம்' காத்திருக்கும். அதற்குப் பதில் கடலிலேயே குதித்துவிடலாம். எல்லாவற்றையும் வழித்து வாணலியில் போட்டேன். கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, பளபளவென்று வரும்வரை கிண்டிக் கிண்ணத்தில் எடுத்தேன். அலமாரியில் ரஸ்க் இருந்தது.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இதைத் தொட்டுத்தான் தின்ன வேண்டும், பெரிய விருந்தாளிகளுக்கு மட்டுமே வைப்போம் என்றேன். கணவர் இருமிக்கொண்டே கொல்லைப்பக்கம் ஓடினார்.

தீதி தொட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ரஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டு விரலாலேயே கிண்ணத்தை வழித்தார். அந்த வாரமே வரிசையில் எல்லா வீட்டிலும் வெல்லம் கொதித்தது. நான் தலை நிமிர்ந்து குழாயடிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், அசல் கமர்கட் செய்தே தீருவது என்று வீம்பு பிடித்தேன். ஆறியதும் ஆறாததுமாக டப்பாவில் போட்டு மூடியை இறுக்கினேன். கல்லாக நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நேரே தீதியிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

கடித்தவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் அதே 'பாவம்'.

“கராப் ஹோ கயா, பெஹன்” என்றார். கெட்டுப்போய்விட்டதாம்.

டப்பாவை வாங்கிக்கொண்டு, என் கையையும் பிடித்துத் தன் அடுப்படிக்கு இழுத்துப் போனார். தேங்காய்ப்பால் ஊற்றி அதை எப்படிச் சரிசெய்வது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நான் வாயைத் திறக்காமல் நின்று கற்றுக்கொண்டேன்.