ஒற்றைத் திகதித் தண்ணீர்

என் மனைவியின் அக்கா இறந்து, அந்தியேட்டியும் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு மனைவி அறையை விட்டு வெளியே வருவது குறைந்தது. முதலில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு முற்றத்துக்கும் வரவில்லை. சமைப்பாள், குளிப்பாள், திரும்பப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். என்ன செய்யுது என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்பாள். என்னுடைய அந்த மாத நாட்குறிப்பில் "ஒண்டுமில்லை" பத்தொன்பது இடத்தில் இருக்கிறது.

கிளினிக்கில் வைத்தியர் இரண்டு விடயங்கள் சொன்னார். காலை வெயிலில், மண்ணோடு ஏதாவது வேலை செய்ய வேண்டும். ஆறு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் மருந்துக் குளிசை தொடங்கலாம். குளிசையில் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். ஆனால் அக்கா கடைசி நான்கு வருடமும் குளிசைப் பெட்டியோடுதான் இருந்தவர். மனைவி என் கையைப் பிடித்தாள். விடவில்லை.

உடுவிலில் நாங்கள் இருக்கும் வீடும் பின்னால் உள்ள இரண்டு பரப்புத் தோட்டமும் அவளுடைய சீதனம். தோட்டத்தில் புல்தான் இருந்தது. கட்டம் போட்ட தாளில் பன்னிரண்டு பாத்திகளுக்குப் படம் வரைந்தேன். ஆள் பிடித்துப் புல்லை எடுப்பித்தேன். இருபத்தைந்தாம் திகதி அடிமட்டம் வைத்துப் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக விதை வெங்காயம் நட்டேன். மனைவிக்கு ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தேன். நான்கு நிமிடம் இருந்தாள். "வெயில் சுடுது" என்று உள்ளே போய்விட்டாள். நான்கு வாரம் மிச்சம் இருந்தது.

கிணறு எங்களுக்கும் பக்கத்துக் காணிக்கும் பொது. காணி உறுதியில் சரிபாதிப் பங்கு. ஒருநாள் அவர்கள் இறைத்தால் மறுநாள் நாங்கள். இதை யாரும் எழுதி வைப்பதில்லை. நான் எழுதினேன். தொடங்கியது இருபத்தைந்தில் என்பதால், "ஒற்றைத் திகதி நாங்கள், இரட்டைத் திகதி அவர்கள்" என்று மோட்டர் அறைக் கதவில் ஒட்டினேன்.

அந்த மாதத்துக்கு முப்பத்தொரு நாள். முப்பத்தொன்றில் இறைத்தேன். மறுநாள் ஒன்றாம் திகதி. காலை ஆறு மணிக்கு மோட்டரைப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் பக்கத்துக் காணிக்காரி மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"என்ன அண்ணை, நேற்றும் நீங்கள், இண்டைக்கும் நீங்களோ?"

"இண்டைக்கு ஒண்டாம் திகதி," என்று கதவைக் காட்டினேன்.

அவள் நின்று முழுவதும் வாசித்தாள். "உதைக் கிணறு வாசிச்சதோ?"

"ஒரு ஒழுங்கு இருந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே."

"என்ரை பயிற்றங்கொடி வாடிக் கிடக்குது, நீங்கள் ஒழுங்கு கதைக்கிறியள். முப்பத்தொண்டும் ஒண்டும் உங்களுக்கெண்டால் எங்கடை முறை எங்கை போறது, கடலுக்கோ?"

பிழை எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒப்புக்கொண்டிருக்கலாம். "அப்ப நாளைக்கும் நாளையிண்டைக்கும் நீங்கள் இறையுங்கோ," என்றேன். "இண்டைக்கு வாடுறது நாளையிண்டைக்கு எழும்புமோ?" என்று அவள் சத்தம் போட்டாள். நானும் சத்தம் போட்டேன்.

பின்கதவு திறந்தது. மனைவி வந்தாள். காலில் செருப்பில்லை, தலை வாரியிருக்கவில்லை. அவளுடைய கிணறு, என் பக்கம் கதைக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"இஞ்சை தாங்கோ," என்று என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள். "அவள் சொல்லுறதுதான் சரி. நான் பிறந்த நாளிலை இருந்து இந்தக் கிணத்திலை ஒண்டைவிட்ட ஒருநாள்தான். கலண்டர் பாத்து இறைச்ச ஆள் நீங்கள் மட்டும்தான்."

ஒரே வெட்டில் எங்கள் வாய்க்காலை அடைத்து மற்றதைத் திறந்தாள். தண்ணீர் பக்கத்துக் காணிக்குப் போனது. அதே வேலைக்கு எனக்கு ஆறு வெட்டு வேண்டும்.

பிறகு எங்கள் பாத்திகளைப் பார்த்தாள். பாதியில்தான் முளை தெரிந்தது. "வெங்காயத்தை என்ன உப்பிடி நட்டிருக்கிறியள்?"

"பத்துச் சென்ரிமீற்றர் இடைவெளி," என்றேன்.

"இடைவெளியைக் கேக்கேல்லை. ஆழத்தைக் கேக்கிறன்."

"நான் அண்டைக்கே பாத்தனான் அக்கா," என்றாள் பக்கத்துக் காணிக்காரி. "செத்த ஆளைத் தாட்ட மாதிரியெல்லோ தாட்டிருக்கிறார்."

சொன்னதும் வாயைப் பொத்தினாள். நான் மோட்டரைப் பார்த்தேன்.

"ஆளைப் புதைக்கவும் உவ்வளவு ஆழம் தேவையில்லை," என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படியே ஈரத்தில் குந்தி, முளைக்காத ஒவ்வொரு வெங்காயத்தின் மேலிருந்தும் மண்ணை விரலால் நீக்கத் தொடங்கினாள். வெயில் ஏறியது. அவள் எழும்பவில்லை. நான் அன்று கந்தோர் வேலைக்குப் பிந்திப் போனேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டாம் திகதி எங்கள் முறை, ஐந்தரைக்கே எழும்பினாள். ஐந்தாம் திகதி முழுநாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆறாம் திகதி எங்கள் முறை, எழும்பினாள். முறை இல்லாத நாட்களில் பக்கத்துக் காணிக்காரி வேலிக்கு மேலால் பயிற்றங்காய் நீட்டினாள். வாங்குவதற்கு வெளியே வரவேண்டியிருந்தது. கதவில் ஒட்டியதை நான் கிழித்துவிட்டேன்.

ஆறு வாரம் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். எப்படி இருக்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்டார்.

"இவருக்கு வாய்க்காலிலை தண்ணி மாறத் தெரியாது, டொக்டர்," என்றாள் மனைவி. "நான் நிண்டால்தான்."

வைத்தியர் அவளுடைய நகங்களைப் பார்த்தார். செம்மண் போகவில்லை. குளிசை எழுதவில்லை. "அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி வாங்கோ," என்றார்.

மனைவி விரலில் எண்ணினாள்.

"அண்டைக்கு எங்கடை முறை. பதின்மூண்டு தாங்கோ."

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்கு வந்து கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.