தாரில் எழுதிய சுவர்

1979 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. தூறல். கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கி வீசும் காற்றில் குடை நிற்காது. என் குடையும் நிற்கவில்லை. பஸ்ஸுக்காக ஒன்பது பேர் ரைஸ் மில்லின் இறவாணத்தில் ஒதுங்கியிருந்தார்கள். ஒருத்தியைத் தவிர எல்லாரும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் ‘தேர்தலைப் புறக்கணிப்போம்’ என்று தாரால் எழுதியிருந்தது. எழுதியது நான். ஒன்பது வருஷ மழையில் சுண்ணாம்பு கரைந்தது, தார் கரையவில்லை. முந்தின இரவு யாரோ அதன் கீழே நீலத்தால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ‘இப்படிக்கு, உங்கள் வேட்பாளர்.’

வேட்பாளரும் நான்தான். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் வந்திருந்தது. எங்கள் வார்டில் நான் சுயேச்சை. சுவரில் இருந்தது என் கையெழுத்துதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஊரில் பாதிப் பேர் என்னிடம் எழுதப் படித்தவர்கள்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆயுதம் எடுத்தவர்களோடு போனவன் நான். 1970இல் நாங்கள் ஆறு பேர் மில்லுக்காரர் வீட்டுக்குள் புகுந்து, அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கூலிக்காரர்களின் கடன் பத்திரங்களை வாசலில் போட்டுக் கொளுத்தினோம். பிடித்தார்கள். மேல்கோர்ட்டில் வழக்கு நிற்கவில்லை. அவசர நிலையில் மறுபடி பிடித்து 1977இல் விட்டார்கள். சிறையில் கல் கலந்த சோறு சாப்பிட்டு மூன்று பல் போயிற்று.

வெளியே வந்து மனு எழுதிக்கொண்டிருந்தேன். கூலிக்காரர் தெருவில் முப்பத்தெட்டு வீடு. ஒரு கிணறு கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டால் பெண்கள் அரை மைல் நடப்பார்கள். கிணற்றுக்காக நான் எழுதிய பதினோரு மனுவுக்கும் பதில் இல்லை. அந்தத் தெருவில் நடவுக்குப் போகும் அக்கா ஒருத்திதான் என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னது.

“ஏனுங் வாத்தியாரே, பொரட்சி வாரப்ப வரட்டும். கெணறு எப்பங்க வரும்?”

அதே அக்கா இன்று இறவாணத்தில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

“எங்க தெருவுலயே கேக்கறாங்க. ஓட்டுப் போடாதீங்கன்னு எழுதுனவருக்கு ஓட்டு எப்படிப் போடறதுன்னு.”

“இன்னிக்கே வெள்ளையடிச்சர்றேன்.”

“எழுதறப்பத்தான் கேக்காம எழுதுனீங்க. அழிக்கறப்பவாச்சும் செவுத்துக்காரரக் கேட்டுட்டு அழிங்க. இல்லீனா அதையும் சேத்துச் சிரிப்பாங்க.”

சுவர் மில்லுக்காரருடையது. அந்த வீட்டுப் பக்கம் ஒன்பது வருஷமாக நான் போகவில்லை. எதிரே வந்தால் அவர் ரோட்டின் மறுபக்கம் போவார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. இப்போது போகாவிட்டால் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாவிட்டால் கிணறு இல்லை. போனேன்.

செருப்பை வெளிக்கேட்டிலேயே கழற்றினேன். அது தப்பாகிவிட்டது. கேட்டிலிருந்து வாசல் வரை சேறு.

“ஏனுங்க, உள்ள வரலாங்களா?”

ஊஞ்சலில் இருந்தவர் தலையைத் தூக்கினார். “அன்னிக்கு இதெல்லாம் கேக்கலயே.”

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் வந்து என் காலைப் பார்த்தார். “அன்னிக்குச் செருப்போட சாமி ரூம் வரைக்கும் வந்தீங்க. மூணு நாள் கழுவுனேன். இன்னிக்கு இந்தக் காலோடயா? செருப்பே தேவலைங்க.”

ஒரு செம்புத் தண்ணீரை அவரே கொண்டுவந்து வைத்தார். காலைக் கழுவிக்கொண்டு படியில் நின்றேன். என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் தண்ணீரோடு போயிற்று.

“செவுத்துல நா எழுதுனத அழிக்கோணுங்க.”

“எம்பட செவுருன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“அப்பவும் தெரியுமுங்க.”

அவர் கொஞ்ச நேரம் ஆடினார். ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வருஷமாகியிருக்கும். சிறைக்குப் பிறகு சங்கிலிச் சத்தம் எனக்கு ஆகாது.

“அழி. ஆனா ஒரு திட்டு வெள்ளையும் மிச்சமெல்லாம் பாசியுமா நிக்கக் கூடாது. முழுச் செவுரும் அடிக்கோணும். உஞ்செலவு.”

“சரிங்க.”

“துப்பாக்கி?”

“போலீஸ்கிட்ட இருக்குதுங்க.”

“அது எனக்குத் தெரியாதா? கேக்கப் போனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆபீசக் காட்டறாங்க. நல்லா மனு எழுதுவியாமே. அதுக்கும் ஒண்ணு எழுதிக் குடு.”

“எடுத்தவரே மனு எழுதறதா?” என்று அம்மாள் சிரித்துவிட்டார்.

“அவனுக்குத்தான குழலு, நம்பரு எல்லாம் தெரியும்” என்றார் அவர். முகத்தில் சிரிப்பில்லை.

எழுதித் தருகிறேன் என்றேன். அந்த அம்மாள் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். உப்பு அதிகம். குடித்தேன்.

அன்று மத்தியானம் தூறல் விட்டதும் ஆரம்பித்து, மறுநாள் முடிய முழுச் சுவருக்கும் இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்தேன். மூன்றாம் நாள் நல்ல வெயில். பத்து மணிக்கு எழுத்துகள் வெள்ளைக்குள்ளிருந்து மேலே வந்தன. முன்னே கறுப்பு; இப்போது தவிட்டு நிறம். வெள்ளைச் சுவரில் முன்னைவிடத் தெளிவு.

“தாரு சுண்ணாம்புக்கு அடங்காதுங்க” என்றார் பஸ்ஸுக்கு நின்ற கொத்தனார் ஒருவர். “பூச்சையே கொத்தியெடுத்துட்டுப் புதுசாப் பூசோணும். வாத்தியாருக்கு இது தெரியாதா?”

தெரியாது. வகுப்பில் நான் எழுதியதெல்லாம் சாக்பீஸில்.

உளியும் சுத்தியலும் வாங்கி நானே உட்கார்ந்தேன். கொத்தனாருக்கு நான்கு நாள் கூலி கொடுக்க முடியாது. மற்ற வேட்பாளர்கள் ஜீப்பில் மைக் கட்டி வார்டைச் சுற்றினார்கள். நான் பஸ் ஸ்டாப்பில் ஓர் ஏணிமேல் இருந்தேன். ஓட்டுக் கேட்கப் போக நேரமில்லை, தோற்றோம் என்றே நினைத்தேன்.

ஆனால் பஸ் நேரத்துக்கு வராத ஊர் அது. நிற்பவர்கள் சும்மா நிற்பார்களா?

“வாத்தியாரே, ஒத்தெழுத்து வுட்டுட்டீங்க.”

“வாத்தியாரே, ஒம்பது வருசத்துக்கு மின்னால பென்சில்ல எழுதியிருக்கலாமுல்ல?”

முதல் நாள் கேலி. இரண்டாம் நாள் கேலியோடு கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை. மூன்றாம் நாள் ரேஷன் கார்டு. வீட்டுக்குள் வைத்து என்னிடம் பேசப் பயந்தவர்கள் நடுரோட்டில் நின்று பேசினார்கள். நான் மேலே கொத்திக்கொண்டே கேட்டேன், தூசியில் இருமிக்கொண்டே பதில் சொன்னேன். நான்காம் நாள், மில்லுக்கு நெல் கொண்டுவந்த ஒரு பெரியவர் அண்ணாந்து கேட்டார்.

“இத அழிக்கறியே, அந்தக் கொள்கையெல்லாம் அவ்வளவுதானா?”

“கெணறு வேணும்னுதானுங்க அன்னிக்கும் போனேன். அந்த வழியில வரல. இந்த வழியில வருதான்னு பாக்கறேன்.”

அவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். நான் இறங்கும்வரை விடவில்லை. அன்று இரவுதான், ஜெயிக்கலாம் என்று முதன்முதலாகத் தோன்றியது.

பூச்சுக்கு மட்டும் கொத்தனாரை வைத்தேன். செப்டம்பரில் இருபத்தாறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். மில்லுக்காரர் வீட்டு ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்று நான் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. துப்பாக்கி மனு எழுதிக் கொடுத்தேன், அது பலிக்கவில்லை. கிணற்றுத் தீர்மானம் இரண்டாவது கூட்டத்தில் நிறைவேறியது. அடுத்த கோடையில் முப்பத்தோராவது அடியில் ஊற்று கண்டது. அக்கா முதல் குடத்தை எனக்குக் கொடுக்கவில்லை, தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதுதான் சரி.

கட்டிய டெபாசிட் திரும்பி வந்தது, அதைச் சேர்க்கவில்லை. சுண்ணாம்பு, மணல், வெள்ளையடிக்கும் மட்டை, உளி, சுத்தியல், ஏணி வாடகை, கொத்தனார் கூலி, காற்றில் முறிந்த குடைக்குக் கம்பி எல்லாம் சேர்த்து என் தேர்தல் செலவு எழுபத்து மூன்று ரூபாய் நாற்பது காசு.